ஆறுகால் அறிவு – 7: இனிப்பு என்று சொல்லும் ஒற்றைச் செல்

தேனீயைக் கொஞ்ச நேரம் ஐஸில் வைத்தால் மயங்கிவிடும். அந்த இடைவெளியில், தலை மட்டும் வெளியே தெரியும்படி அதைச் சின்னக் குழாய்க்குள் கட்டிவிடலாம். மயக்கம் தெளிந்து பசியோடு இருக்கும் தேனீயின் உணர்கொம்பில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டால் நாக்கை நீட்டும். இதை யாரும் அதற்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் முதலில் ஒரு வாசனையைக் காட்டி, உடனே சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்தால், பிறகு வெறும் வாசனைக்கே நாக்கு வெளியே வருகிறது. 1961-இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேதா இதைக் காட்டினார். பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறிய கதைதான் இதுவும்.

சரி, வந்தது இனிப்பு என்று மூளைக்கு யார் சொல்கிறார்கள்? பெர்லினில் ராண்டால்ஃப் மென்செலின் ஆய்வுக்கூடத்தில் இருந்த மார்ட்டின் ஹாமர், தேனீ மூளையில் உள்ள சுமார் பத்து லட்சம் நியூரான்களில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அதன் பெயர் வியூஎம்-எம்எக்ஸ்1. (பெயர் வைத்தவர் அன்று அவசரத்தில் இருந்திருப்பார்.) உணவுக்குழாய்க்குக் கீழே உள்ள நரம்பு முடிச்சில் அதன் உடல் இருக்கிறது. கிளைகளோ, வாசனைச் செய்தி முதலில் வந்து சேரும் பகுதி முதல் நினைவு பதியும் ‘காளான் உடல்’ வரை பரவிக் கிடக்கின்றன. சர்க்கரை பட்டால் இந்தச் செல் துடிக்கிறது.

1993-இல் வெளியான சோதனையில் ஹாமர் சர்க்கரையையே எடுத்துவிட்டார். வாசனை வந்ததும் அந்தச் செல்லுக்குள் நுண்ணிய மின்முனை வழியாக மின்சாரம் செலுத்தினார். ஒரு சொட்டு இனிப்பையும் தொடாத தேனீ, பின்னர் அந்த வாசனைக்குச் சர்க்கரை கண்ட தேனீயைப் போலவே நடந்துகொண்டது! மின்சாரம் முதலில், வாசனை பிறகு என்று வரிசையை மாற்றியபோது எதையும் கற்கவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம், பாடம் முடிந்தபின் அந்தச் செல் நடந்துகொள்ளும் விதம். பழகிய வாசனை வந்ததுமே துடிக்கத் தொடங்குகிறது. தொடர்ந்து சர்க்கரை வரும்போது பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. எதிர்பாராமல் கிடைத்தால்தான் அதற்குப் பரிசு. குரங்கின் மூளையில் டோபமைன் நியூரான்கள் இதே கணக்கைப் போடுவதை வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் தொண்ணூறுகளில்தான் கண்டார்.

தேனீயின் அந்தச் செல் பயன்படுத்தும் வேதிப்பொருள் ஆக்டோபமைன். தண்டனைக்கு வேறு பொருள். லேசான மின் அதிர்ச்சி கொடுத்தால் தேனீ கொடுக்கை நீட்டும். அதையும் ஒரு வாசனையோடு சேர்த்துப் பழக்கலாம். 2007-இல் வெளிவந்த ஆய்வில், ஆக்டோபமைனைத் தடுத்தபோது இனிப்புப் பாடம் கெட்டது. டோபமைனைத் தடுத்தபோது அதிர்ச்சிப் பாடம் கெட்டது. இனிப்புக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என்ற இந்த அழகான பாகுபாட்டைப் பழ ஈ கலைத்துவிட்டது. ஈயில் இனிப்புச் செய்தியையும் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது டோபமைன் நியூரான்களே என்று 2012-இல் இரண்டு குழுக்கள் காட்டின. அடிக்கு ஒரு கூட்டம், இனிப்புக்கு இன்னொரு கூட்டம். இரண்டும் காளான் உடலின் வெவ்வேறு இடங்களில் போய் முடிகின்றன. அதனால் எந்தப் பொருள் என்பதைவிட, அது எந்த இடத்தில் கொட்டுகிறது என்பதே முக்கியமாகிறது.

தேனீயின் டோபமைனில் கைவைக்க இன்னொருவரும் இருக்கிறார்: ராணி. அவள் தாடைச் சுரப்பியின் கலவையில் டோபமைனைப் போன்ற அமைப்புள்ள ஒரு பொருள் உண்டு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் அலிசன் மெர்சர் குழு 2007-இல் கண்டது இது: ராணியின் வாசனையில் வளரும் இளம் வேலைக்காரத் தேனீக்களுக்கு அதிர்ச்சிப் பாடம் ஏறுவதில்லை, இனிப்புப் பாடம் மட்டும் வழக்கம்போல் ஏறுகிறது. பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்யும் பிள்ளைகளுக்குத் தாயின் வாசனை ஒருபோதும் கசந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். என் கண்ணுக்கு இது கொஞ்சம் அடாவடியாகவே தெரிகிறது. வயது கூடிய தேனீக்களிடம் இந்த வித்தை பலிப்பதில்லை. பூத்தேடிக் கூட்டை விட்டுப் போகும் வேலை அவற்றுடையது. வெளியே தவிர்க்கக் கற்க வேண்டியவை ஏராளம்.

(தொடரும்)