கடன் கவலையும் கரும்பு அறுவடையும்

கடன் நெருக்கும்போது புத்தி மழுங்குவது சோம்பேறித்தனம் இல்லைங்க. 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு: தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். நகை அடகில் கிடக்கும் முன்மாதங்களில் மதிப்பெண் குறைவு. பணம் கைக்கு வந்ததும் அதே ஆட்கள் தேறிவிட்டார்கள். (ஆய்வாளர்களில் ஒருவரான செந்தில் முல்லைநாதன் நம்மூரில் பிறந்தவர்.)

ஆகவே கணக்கை மண்டையில் சுமக்காமல் பேப்பரில் இறக்குங்க. பாக்கி, வட்டி, கெடு தேதி எல்லாம். வட்டி அதிகமானதுதான் முதல் எதிரி, பெரும்பாலும் கிரெடிட் கார்டு. 1 லட்சம் பாக்கி, மாத வட்டி 3.5% என்றால் 3,500. அதற்கு ஜிஎஸ்டி 630. குறைந்தபட்சத் தொகை என்று 5,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 870! வங்கி நகைக்கடன் இதைவிட எவ்வளவோ மலிவு. அதை வாங்கிக் கார்டை அடைக்கலாம், ஆனால் கார்டு அப்புறம் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது.

வசூல் ஆட்கள் காலை 8-க்கு முன்போ மாலை 7-க்குப் பின்போ பாக்கி கேட்டு போன் பண்ணக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவு. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்க. 30 நாளில் பதில் இல்லையா, அடுத்து ஆம்புட்ஸ்மேன்.