கண்ணைக் கட்டிக்கொண்டு காதால் கேளுங்கள்

ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மாணவன் ஒருவன், ஆண்டிறுதி விடுமுறையில் மாமாவின் கடையில் வேலை செய்து 600 வெள்ளி சேர்த்து வைத்திருந்தான். ஒரு நாள் ஓய்வு நேரத்தில் ஆய்வுக்கூடத்திற்கு வந்து நின்றான். “சார், ஹெட்போனுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போறேன். கடையில போட்டுக் கேட்டேன். என் பழைய ஹெட்போனே புதுசு மாதிரி ஆயிடுச்சு. உறுமி அடி அப்படியே நெஞ்சுல இறங்குது” என்றான்.

அவன் தைப்பூசத்திற்கு உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறவன். உறுமி எப்படி ஒலிக்க வேண்டும் என்று அவனுக்கு நான் சொல்லித்தர முடியாது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “கைப்பேசியில் நேராகக் கேட்டபோதும், ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேட்டபோதும், சத்தம் ஒரே அளவில் இருந்ததா?”

பையன் தலையைச் சொறிந்தான்.

நீங்களும் ஒரு நாள் கடையில் இப்படி நின்றிருக்கலாம். இரண்டு ஹெட்போன்கள், இரண்டு கருவிகள், பணப்பை ஒன்று. காதில் கேட்டதை நம்பித்தானே முடிவெடுக்க வேண்டும்? ஆனால், காதைப் போல எளிதில் ஏமாறும் உறுப்பு வேறொன்று இல்லை. அது ஏமாறும் விதத்தைத் தெரிந்துகொண்டால், அந்த 600 வெள்ளியை எங்கே போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் ஏமாற்று, சத்தம். ஒரே பாட்டை இரண்டு முறை ஒலிக்கவிட்டு, இரண்டாம் முறை ஒரு டெசிபல் மட்டும் கூட்டினால், கேட்பவர்களில் பலர் “சத்தம் கூடியிருக்கிறது” என்று சொல்ல மாட்டார்கள். “தெளிவாக இருக்கிறது”, “உயிரோட்டமாக இருக்கிறது” என்பார்கள். அளவில் கூடியதை மனம் தரத்தில் கூடியதாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது.

பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளில் இது இன்னும் மோசம். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சர், வில்டன் மன்சன் இருவரும், மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி கேட்பதில்லை என்பதை அளந்து வரைபடமாக்கினார்கள். மெல்லிய சத்தத்தில் நம் காது தாழ்ந்த அதிர்வெண்களுக்கு மந்தமாக இருக்கிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் எவ்வளவு சத்தமாகப் படுகிறதோ, அதே அளவு படுவதற்கு 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 60 டெசிபலுக்கும் மேல் வேண்டும். சத்தத்தைக் கூட்டக் கூட இந்த இடைவெளி குறைகிறது. ஆக, கடையில் ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே உறுமி முன்னால் வந்து நிற்கும். கருவி பேஸைக் கூட்டவில்லை. சத்தம் கூடியதும் காது பேஸை நன்றாகக் கேட்கத் தொடங்கியது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஏமாற்று, கண். 1994இல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஓலிவ் என்ற இரு ஒலியியல் ஆய்வாளர்கள் தாங்கள் பணியாற்றிய நிறுவனத்தின் ஊழியர்களையே உட்காரவைத்து ஒலிபெருக்கிகளுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒருமுறை பார்த்துக் கேட்டார்கள். மறுமுறை திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டார்கள். பார்த்துக் கேட்டபோது பின்தங்கிய சிறிய, விலை குறைந்த ஒலிபெருக்கி, மறைத்துக் கேட்டபோது மதிப்பெண்ணில் ஏறியது. அதே காதுகள், அதே ஒலி. இவர்கள் பொய் சொன்னார்கள் என்று பொருளில்லை. பெரிய பெட்டியைப் பார்த்ததும் அவர்களுக்கு உண்மையாகவே நன்றாகக் கேட்டிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் கேட்கும். அறிவியல் ஆசிரியர் என்பதால் விலக்கு எதுவும் கிடையாது.

இந்த இரண்டு ஏமாற்றுகளையும் அடைத்துவிட்டு ஒப்பிடுவதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அதை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் மேலே சொன்ன அதே மன்சன்தான். 1950இல் மார்க் கார்ட்னர் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட முறையை இன்று ‘ஏபிஎக்ஸ்’ சோதனை என்கிறார்கள். ஏ என்பது ஒரு கருவி, பி என்பது மற்றது. எக்ஸ் இந்த இரண்டில் ஒன்று. எது என்று உங்களுக்குத் தெரியாது. கேட்டுவிட்டு, எக்ஸ் என்பது ஏயா பியா என்று சொல்ல வேண்டும். எது சிறந்தது என்ற கேள்வியே இங்கே இல்லை. வேறுபாடு கேட்கிறதா இல்லையா, அது மட்டும்தான். கேட்கவே முடியாத வேறுபாட்டில் எது சிறந்தது என்று சண்டை போட்டு என்ன பயன்?

1982இல் டேவிட் கிளார்க் என்பவர் இதற்கென ஒரு மின்மாற்றுப் பெட்டியையே செய்து, ஆய்விதழில் விவரம் எழுதினார். 1987 ஜனவரியில் ‘ஸ்டீரியோ ரிவியூ’ என்ற அமெரிக்க இதழ் அவருடைய துணையோடு ‘எல்லா ஆம்ப்ளிஃபயர்களும் ஒரே மாதிரி ஒலிக்கின்றனவா?’ என்ற சோதனையை நடத்தியது. விலை மலிந்த கருவியிலிருந்து, மிக விலை உயர்ந்த வால்வு வகை வரை வரிசையில் இருந்தன. சத்தத்தைச் சமமாக்கி, பெயரை மறைத்ததும், கேட்டவர்களின் விடைகள் நாணயத்தைச் சுண்டிப் போட்டது போலவே வந்தன. ஆம்ப்ளிஃபயர்கள் வேறுபட்டே ஒலிக்கும் என்று உறுதியாக நம்பி வந்தவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாம்

இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு மல்டிமீட்டர், பொறுமையுள்ள ஒரு தம்பி அல்லது தங்கை போதும். இணையத்தில் கிடைக்கும் 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். ஹெட்போனைச் செருகிய நிலையிலேயே அதற்குச் செல்லும் மாறுமின் அழுத்தத்தை அளவிடுங்கள். இரட்டைத் துளைப் பிரிப்பான் ஒன்று இருந்தால் மீட்டரின் முனைகளை வைக்க வசதி. இரண்டு கருவிகளிலும் ஒரே அளவு வரும்வரை குமிழைச் சரிசெய்யுங்கள். ஒரு விழுக்காட்டுக்குள் வந்துவிட்டால் சத்த வேறுபாடு 0.1 டெசிபலுக்கும் குறைவு, அது போதும். மலிவான மீட்டர் என்று கவலைப்பட வேண்டாம். அது தவறாகக் காட்டினாலும் இரண்டுக்கும் ஒரே தவற்றைத்தான் காட்டும். காதால் சமப்படுத்தினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, போதாது. எந்தக் காதைச் சோதிக்கிறோமோ அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியுமா?

பிறகு தம்பி நாணயம் சுண்டி, விழுந்தபடி கருவியை இணைக்கட்டும். நீங்கள் திரும்பி உட்கார்ந்திருங்கள். அவன் முகத்தைக்கூடப் பார்க்காதீர்கள்; சிரித்தே காட்டிக்கொடுத்துவிடுவான். அவனும் ஒவ்வொரு முறையும் செருகியைக் கழற்றி மாட்ட வேண்டும், கருவி மாறாவிட்டாலும்கூட. இல்லையென்றால் ‘கிளிக்’ ஓசையே விடையைச் சொல்லிவிடும்.

எத்தனை முறை செய்வது? பத்தில் ஏழு சரியாக வந்தால் நம் ஆட்கள் துள்ளிக் குதிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பத்தில் ஏழோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு 17 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. பதினாறு முறை செய்து பன்னிரண்டு சரியாக வந்தால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே. கூடுதல் கணிதம் படிக்கும் மாணவர்கள் ஈருறுப்புப் பரவலைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆம்ப்ளிஃபயர் உண்மையில் தேவைப்படும் இடம்

அப்படியானால் ஆம்ப்ளிஃபயரே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். சில இடங்களில் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. ஓம் விதி தெரிந்தால் அந்த இடங்களை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஹெட்போன் பெட்டியில் ‘32 ஓம்’, ‘300 ஓம்’ என்று போட்டிருப்பார்கள். அது மின்மறுப்பு, மாறுமின்னோட்டத்திற்குக் கருவி காட்டும் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றல் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தது. கைப்பேசியின் துளை 1 வோல்ட் தருகிறது என்று கொண்டால், 32 ஓம் ஹெட்போனுக்குக் கிடைப்பது 31 மில்லிவாட். 300 ஓம் ஹெட்போனுக்கோ 3.3 மில்லிவாட் மட்டுமே. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 டெசிபல் குறைவு. சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் வகை வைத்திருப்பவர்களுக்கு, மெல்லிய குரலில் பதிவான கர்நாடகக் கச்சேரி கைப்பேசியில் போதிய சத்தத்துடன் கேட்காமல் போகலாம். அவர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்குவது நியாயமான செலவு. பேயர்டைனமிக் டிடி 880 ஒரே பெயரில் 32, 250, 600 ஓம் என மூன்று வகையாக வந்தது. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, கடைக்காரர்கள் அதிகம் பேசாத விஷயம்: ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளேயும் ஒரு தடை இருக்கிறது. மின்னழுத்தம் அந்த உள்தடைக்கும் ஹெட்போனுக்கும் இடையே பங்கு பிரிகிறது. பல ஹெட்போன்களின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பேஸ் பகுதியில் ஓரிடத்தில் மேடு போல ஏறும். 32 ஓம் ஹெட்போன் அந்த இடத்தில் 64 ஓம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயரின் உள்தடை 1 ஓம் என்றால் அங்கே ஒலி 0.13 டெசிபல் கூடும், யாருக்கும் கேட்காது. உள்தடை 100 ஓம் என்றால் 4 டெசிபல் கூடும். இது நன்றாகவே கேட்கும். சில வால்வு ஆம்ப்ளிஃபயர்களிலும், பழைய வீட்டு ஸ்டீரியோ கருவிகளின் ஹெட்போன் துளையிலும் உள்தடை இப்படி அதிகம். அங்கே ஏபிஎக்ஸ் சோதனையில் பதினாறுக்குப் பதினாறு எடுத்தாலும் எனக்கு வியப்பில்லை. “வெதுவெதுப்பான ஒலி” என்று சிலர் பாராட்டுவதில் ஒரு பங்கு இந்த வகுத்தல் கணக்குதான். பிடித்திருந்தால் கேளுங்கள், தவறில்லை. ஆனால் அது மாயமில்லை. உள்தடை, ஹெட்போன் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் கவலை வேண்டாம் என்பது பொதுவான கணக்கு.

காதுக்குள் செருகும் சிறிய வகைகளில் ஓர் ஆம்ப்ளிஃபயரின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் கேட்பதும் உண்டு. அதுவும் உண்மையான வேறுபாடே.

மற்றபடி, ஒழுங்காகச் செய்யப்பட்ட இன்றைய ஆம்ப்ளிஃபயர் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு டெசிபலின் சிறு பகுதிகூடப் பிசகாமல் பெருக்குகிறது. ஹெட்போன்கள் அப்படியில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒரே அதிர்வெண்ணில் 5, 10 டெசிபல் வேறுபாடு சாதாரணமாக வரும். உங்கள் காதே இதில் ஒரு பங்காளி. காதுக்குழாயின் நீளம் ஏறக்குறைய 2.5 செண்டிமீட்டர்; ஒரு முனை செவிப்பறையால் மூடியது. ஒரு முனை மூடிய குழாயில் ஒத்ததிர்வு எப்படி வரும் என்று வகுப்பில் படித்ததை நினைவுபடுத்துங்கள்: அலைநீளம் குழாயைப் போல நான்கு மடங்கு, 10 செண்டிமீட்டர். ஒலியின் வேகம் 340 மீட்டர் என்றால் அதிர்வெண் 3400 ஹெர்ட்ஸ். செவிமடலும் சேர்ந்து, 3000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் எல்லா ஒலியையும் நம் காது தானே கூட்டிக்கொள்கிறது. ஹெட்போன் இந்த இயல்பைக் கலைத்துவிடுவதால், அதை ஈடுகட்டும்படி அதை வடிவமைக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக ஈடுகட்டுகிறது. காதின் வடிவமும் ஆளுக்கு ஆள் வேறு.

ஹெட்போன்களை மறைத்து ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. தலையில் மாட்டியதுமே எடையும் மெத்தையும் எதுவென்று காட்டிக்கொடுத்துவிடும். ஷான் ஓலிவ் குழுவினர் இதற்கு வழி கண்டார்கள்: ஒரே ஹெட்போனை மாட்டிவிட்டு, மற்றவற்றின் ஒலித்தன்மையைக் கணினி வழியாக அதிலேயே ஒலிக்கச் செய்தார்கள். கனடா, அமெரிக்கா, ஜெர்மனி, சீனா ஆகிய நாடுகளில் கேட்டவர்களில் பெரும்பாலோர், நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கியைப் போல ஒலிப்பதையே விரும்பினார்கள். அப்படி ஒலிக்க விலை கூட வேண்டுமா? 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டார். விலைக்கும் அதிர்வெண் அளவீட்டுக்கும் தொடர்பு ஏதும் தென்படவில்லை.

சத்தத்தைப் பற்றி ஒரு சொல். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபல். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி. ஆம்ப்ளிஃபயர் வாங்கியவர்கள் குமிழைத் திருப்பாமல் இருப்பதில்லை என்பதால் சொல்கிறேன்.

மாணவனுக்குப் பள்ளி மீட்டரை இரவல் கொடுத்தேன். நண்பனிடம் ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கி, தன் 32 ஓம் ஹெட்போனில் வைத்து, தங்கையைச் செருகச் சொல்லிப் பதினாறு முறை கேட்டிருக்கிறான். ஒன்பது சரி. “தங்கச்சி சரியா மாத்தலை சார்” என்றான். மறுநாள் மீண்டும் பதினாறு. ஏழு சரி.

இப்போது 600 வெள்ளியும் கையில் பத்திரமாக இருக்கிறது, ஹெட்போன் தேடிக்கொண்டிருக்கிறான். போன வாரம் ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு, பேஸே இல்லை என்று குறைப்பட்டான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டச் சொன்னேன். கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிப்பிடித்து, அந்தச் சந்து வழியாகத் தாழ்ந்த ஒலி கசிந்துகொண்டிருந்திருக்கிறது. கழற்றியதும் உறுமி திரும்பி வந்தது. இனி மெல்லிய காம்புள்ள கண்ணாடி வாங்குவதா, மென்மையான மெத்தையுள்ள ஹெட்போன் வாங்குவதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.