நூற்றிருபதாவது நாளில் வரும் பணம்

2018 ஜனவரி 15ஆம் தேதி, பிரிட்டனின் இரண்டாவது பெரிய கட்டுமான நிறுவனமான காரில்லியன் திவாலாகி மூடப்பட்டது. அன்று அதன் கையில் இருந்த ரொக்கம் 2.9 கோடி பவுண்டு. கொடுக்க வேண்டியதோ ஏறத்தாழ 700 கோடி பவுண்டு. அதில் சுமார் 200 கோடி, கம்பி கட்டியவர்கள், ஒயரிங் செய்தவர்கள், சமையல் பொருள் கொடுத்தவர்கள் என்று 30,000 சிறு நிறுவனங்களுக்கும் துணை ஒப்பந்ததாரர்களுக்கும் சேர வேண்டியது. லிவர்பூலிலும் பர்மிங்காம் அருகிலும் அது கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெரிய மருத்துவமனைகள் பாதியில் நின்றன. ஒன்று 2022இலும் மற்றொன்று 2024இலும்தான் திறக்கப்பட்டன.

காரில்லியனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அரசு ஒப்பந்தங்கள் நிறைய இருந்தன. ஆனால் ஒப்பந்தங்களைக் குறைந்த விலைக்கு எடுத்துவிட்டு, அன்றாடச் செலவைச் சிறு நிறுவனங்களின் பணத்தில் ஓட்டியது. பில் கொடுத்தால் 120 நாள் கழித்துத்தான் பணம் என்பது அதன் நிபந்தனை. உரிய நேரத்தில் பணம் தருவோம் என்ற அரசு ஆதரவு உறுதிமொழியில் 2013இல் கையெழுத்துப் போட்ட நிறுவனம் அது. அதே காலத்தில் வங்கிகளோடு சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தது. 120 நாள் காத்திருக்க முடியாதவர்களுக்கு, ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு வங்கி முன்கூட்டியே கொடுத்துவிடும். காரில்லியன் பின்னால் வங்கிக்கு அடைக்கும். இப்படி வங்கிக்குக் கொடுக்க வேண்டியதை அது கடன் என்று கணக்கில் காட்டவில்லை. 49.8 கோடி பவுண்டு வரை இப்படிக் கடன் கணக்குக்கு வெளியே போயிருக்கலாம் என்று தரமதிப்பீட்டு நிறுவனமான மூடீஸ் பின்னர் சொன்னது. 2016ஆம் ஆண்டுக்குப் பங்குதாரர்களுக்கு 7.9 கோடி பவுண்டு ஈவுத்தொகை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் 84.5 கோடி பவுண்டு நஷ்டத்தை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. அதன் பிறகு ஆறு மாதம்தான் அது தாங்கியது.

இதை பிரிட்டன் கதை என்று விட்டுவிட முடியாது. கோவை கணபதியிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் லேத் பட்டறை வைத்திருக்கும் எவரையும் கேளுங்கள். பில் பாஸ் ஆக எத்தனை நாள் என்பதுதான் ஆர்டரின் விலையை விடப் பெரிய கேள்வி என்பார்கள். இந்தியாவில் சிறுதொழில்களுக்கு இப்படி நிலுவையில் நிற்கும் தொகை 10.7 லட்சம் கோடி ரூபாய் என்று கேம் என்ற அமைப்பும் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனமும் 2022இல் கணக்கிட்டன.

ஒரு பட்டறையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் பணம் வந்தால் வெளியே நிற்பது 10 லட்சம். 120 நாள் ஆனால் 40 லட்சம். கூடுதலாக முடங்கிய 30 லட்சத்தை வங்கி கேஷ் கிரெடிட் (சிசி) கணக்கில் 12 சதவீத வட்டிக்கு எடுத்தால், ஆண்டுக்கு 3.6 லட்சம் வட்டி. ஆண்டு விற்பனை 1.2 கோடியில் லாபம் 5 சதவீதம் என்றால் 6 லட்சம். லாபத்தில் பாதிக்கு மேல் வட்டியாகவே போய்விடுகிறது. இதோடு ஜிஎஸ்டி. மாதாந்திரக் கணக்கு காட்டுபவர் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். 18 சதவீத வரி என்றால் அந்த 10 லட்சத்துக்கு 1.8 லட்சம். தான் வாங்கிய பொருளுக்கான வரி வரவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். வாங்கிய கம்பெனியோ பணமே கொடுக்காமல் 180 நாள் வரை அந்த வரிக்கு வரவு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

புதுமை சாவது இங்கேதான். வங்கிக்குப் போன 3.6 லட்சம், ஒரு புது டை வெட்டிப் பார்க்க, சிஎன்சி இயந்திரத்துக்கு முன்பணம் கட்ட, டிப்ளமோ படித்த ஒரு பிள்ளையைச் சோதனை வேலைக்கு வைத்துக்கொள்ள இருந்த பணம். முதலாளியின் நேரமும் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவு வாசலில் கரைகிறது. பணம் எப்போது வரும் என்று தெரியாதவர் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க மாட்டார். நேற்று செய்த அதே பாகத்தை இன்னும் பத்து பைசா குறைத்துச் செய்வார். திறமை இல்லாமல் இல்லை; வெட் கிரைண்டர் பிறந்தது கோவையின் சிறு பட்டறைகளில்தான். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் என்று கவலைப்படுபவர்கள், பட்டறைக்காரரின் கையில் சோதனைக்குக் காசு மிஞ்சுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பிறகு 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரியிலும் பிடி போட்டார்கள். கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 45 நாள் எண்ணப்படுவது பில் தேதியிலிருந்து அல்ல, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. இறக்கிய 15 நாளுக்குள் தரத்தில் குறை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், குறை தீர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும். டெலிவரி சலானில் கேட்டில் சீல் குத்துவார்கள், தேதி இருக்காது. பின்னால் சண்டை வந்தால் அந்தத் தேதிதான் வழக்கு. அடுத்தது, நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கொஞ்சம் வளர்ந்து எல்லையைத் தாண்டினால் கவசம் கழன்றுவிடும். எல்லாவற்றையும் விடப் பெரிய தடை, புகார் கொடுக்க வேண்டியவர் சிறு முதலாளியே என்பது. தன் பெயர் போட்டுப் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று அவருக்குத் தெரியும். புகாரை 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது, புகாரே கொடுக்காதவருக்கு உதவாது.

டிரெட்ஸ் என்ற மின்னணு பில் சந்தை வந்திருப்பது நல்ல விஷயம். அங்கே பில்லை வங்கிக்கு விற்றுவிட்டால், கம்பெனி பின்னால் கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் வராது. சாதாரண பில் டிஸ்கவுண்டிங் பெரும்பாலும் அப்படி அல்ல. கம்பெனி கவிழ்ந்தால் அந்தப் பணத்தை நீங்கள் திருப்பிக் கட்ட நேரிடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் டிரெட்ஸில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு உத்தரவிட்டது. ஆனால் சேர்ந்த கம்பெனி உங்கள் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டால்தான் அது விலைபோகும்.

ஜப்பானில் வேறு வழியில் போனார்கள். 1956இலேயே துணை ஒப்பந்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். கெடு 60 நாள். அதை விட முக்கியம், அங்குள்ள நியாய வணிக ஆணையம் சிறு நிறுவனங்களுக்குத் தானே கேள்வித்தாள் அனுப்பி விசாரிக்கிறது. யாரும் முன்வந்து புகார் கொடுக்கும் வரை காத்திருப்பதில்லை. 36 சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியதில் சுமார் 300 கோடி யென்னைக் குறைத்துக் கொடுத்ததற்காக, 2024 மார்ச்சில் நிசான் நிறுவனத்தின் மீதே அந்த ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

பட்டறை நடத்துபவர்களுக்கு: சிறுதொழில் என்பதற்கான உத்யம் பதிவு எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள். 60 நாள் 90 ஆகி, 90 நாள் 120 ஆகிறது என்றால் அந்தக் கம்பெனியின் உள்ளே ஏதோ சரியில்லை. அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் ஒரே இடத்தில் பாதிக்கு மேல் சரக்கைக் கொட்டாதீர்கள்.

அரசுக்கு: 45 நாளைத் தாண்டிய பாக்கிகளை யார் யாருக்கு, ஏன் என்று கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்துக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி 2019இலிருந்தே இருக்கிறது. பட்டியல் அரசின் கையில் இருக்கும்போது புகாருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பட்டியலை வைத்து விசாரணையைத் தொடங்குங்கள்.