விலை உயர்ந்த வேட்டைத் தோட்டா: காசுக்கு ஏத்த பலன் இருக்கா?

டெக்சாஸ்ல இருக்கிற நம்ம சப்ஸ்கிரைபர் ஒருத்தர், நண்பர்களோட கொலராடோவுக்கு எல்க் மான் வேட்டைக்குப் போறாராம். "சாதாரணத் தோட்டா பெட்டி 30 டாலர், பிரீமியம் 60 டாலர். டபுள் விலை கொடுக்கலாமா சார்?"னு கேட்டார். (இந்தியாவுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அங்கே லைசென்ஸோட அனுமதி உண்டு.)

முதல்ல, காசு எதுக்குப் போகுது? 1946-ல் கனடாவில் ஜான் நாஸ்லர் சுட்ட குண்டு, மூஸ் மானின் உடம்புக்குள்ள ஆழமா இறங்காமலே சிதைஞ்சு போச்சு. அதனால அவர் நடுவுல தடுப்புச் சுவர் வெச்ச குண்டை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாம உள்ளே போகும். இந்த மாதிரி வடிவமைப்புக்குத்தான் கூடுதல் விலை.

இப்போ கணக்கு. ஒரு பெட்டியில 20 தோட்டா. பயிற்சிக்கும் வேட்டைக்கும் சேர்த்து மூணு பெட்டி வேணும்னு வெச்சுக்கோங்க.

• மூணும் சாதாரணம்: 90 டாலர்
• மூணும் பிரீமியம்: 180 டாலர்
• ரெண்டு சாதாரணம், ஒண்ணு பிரீமியம்: 120 டாலர்

என் ஓட்டு மூணாவதுக்கு. லைசென்ஸ், பெட்ரோல், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 2,000 டாலர்னா, கூடுதல் 30 டாலர் வெறும் 1.5 சதவீதம். 300 கிலோவுக்கு மேல இருக்கிற ஆண் எல்க், காயத்தோட காட்டுக்குள்ள ஓடிட்டா 2,000 டாலரும் வீண். அதைவிட, அந்த உயிர் படுற வேதனைக்கு விலையே கிடையாது.

ஆனா ஒரு விஷயம் கவனிங்க. தோட்டா மாறினா குண்டு படுற இடமும் மாறும். அதனால பிரீமியம் பெட்டியில சில தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, துப்பாக்கியோட குறியைச் சரிபண்ணிட்டுத்தான் கிளம்பணும். அதோட, குறி தவறினா எந்த விலைத் தோட்டாவும் காப்பாத்தாது. முதல் செலவு பயிற்சிக்குத்தான்.

100 கஜத்துக்குள்ள சின்ன மான்தான்னா, சாதாரணத் தோட்டாவே தாராளம். கலிபோர்னியாவுல வேட்டைன்னா, 2019 ஜூலை முதல் ஈயம் இல்லாத தோட்டா கட்டாயம். அங்கே விலையைப் பார்த்து ஈயத்துக்குப் போக வழியில்லை.

எந்தப் பொருளுக்கும் இதே ஃபார்முலாதான்: "விலை எத்தனை மடங்கு?"னு மட்டும் பார்க்காதீங்க. மொத்தச் செலவுல அதோட பங்கு எவ்வளவு, அது கைவிட்டா நஷ்டம் எவ்வளவுன்னு பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!