சாளரத்துக்கு உள்ளே யார்?

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள், டில்லி விமான நிலையத்தில் வெண்பலகை ஒன்றை நிறுத்தி, விமானங்கள் புறப்படும் வாயில்களின் எண்களைக் கையால் எழுதி வைத்தனர். உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் அன்று நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. பகைவர் எவரும் தாக்கவில்லை. கிரௌட்ஸ்டிரைக் என்னும் கணிப்பொறிக் காவல் நிறுவனம் அனுப்பிய கோப்பு ஒன்றில் இருந்த பிழையே காரணம். ஒரு கோப்பின் பிழை இயந்திரம் முழுவதையும் வீழ்த்தியது எங்ஙனம்?

ரயில்வேயில் பணியாற்றும் நமக்கு இதனை விளக்க எளிய வழி ஒன்று உண்டு. முன்பதிவுச் சாளரத்தின் முன் நிற்கும் பயணி, படுக்கைப் பட்டியலில் தாமே பெயர் எழுதிக்கொள்ள இயலாது. படிவத்தை நிரப்பி உள்ளே நீட்ட வேண்டும். எழுத்தர் சரிபார்த்த பின்னரே இடம் தருவார். கணிப்பொறியிலும் அவ்வாறே. நாம் கையாளும் நிரல்கள் யாவும் சாளரத்துக்கு வெளியே நிற்கும் பயணிகள். வட்டையும் பிற நிரல்களின் நினைவகத்தையும் நேரே தொடும் உரிமை ‘கெர்னல்’ என்னும் உள்ளறைக்கே உண்டு. வெளியே நிற்கும் நிரல் வரம்பு மீறினால், செயலி அதனைத் தடுத்து உள்ளறையிடம் ஒப்படைத்துவிடும்.

இவ்வேற்பாடு புதியதன்று. 1960-களில் அமெரிக்காவில் உருவான மல்டிக்ஸ் என்னும் இயங்குதளம் அதிகாரத்தை வளையம் வளையமாக வகுத்தது. 1985-இல் புது டில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியபோது உழைத்த வாக்ஸ் இயந்திரங்களில் நான்கு படிகள் இருந்தன. இன்டெல் செயலிகளிலும் 1982 முதல் நான்கு உண்டு. ஆயினும் விண்டோஸும் லினக்ஸும் பெரும்பாலும் உள், வெளி என்னும் இரண்டோடு நின்றுவிடுகின்றன.

பயணி ஒருவர் மயங்கி விழுந்தால் வரிசை சற்றே தயங்கிப் பின்னர் நகரும். எழுத்தர் மயங்கி விழுந்தாலோ சாளரமே மூடப்படும். அன்று இடறியது உள்ளறையில் இருந்த காவல் நிரல். கள்வரைக் கண்டறிய வேண்டி அதனை அத்தனை ஆழத்தில் அமர்த்தியிருந்தனர். எனவே அதனோடு இயந்திரமும் வீழ்ந்தது. பல இடங்களில் ஒவ்வொரு கணிப்பொறியாக அணுகிக் கையால் சீர்செய்ய நேர்ந்தது.

இதில் நம் இல்லங்களுக்கும் பாடம் உண்டு. நம் வீட்டுச் சிறுவன், எங்கிருந்தோ பெற்ற விளையாட்டு ஒன்றைக் கணிப்பொறியில் ஏற்ற முயன்றான். ‘அனுமதிக்கலாமா?’ என்று திரை வினவ, படிக்காமலே ‘ஆம்’ என்றான். அவன் அமர்ந்திருந்ததோ நமது தலைமைக் கணக்கில்! அக்கணக்கில் தரும் ஒரு சம்மதத்தால் அயல் நிரல் உள்ளறையிலேயே குடியேறிவிடலாம். ஊரிலுள்ள பெற்றோரின் படங்களும், வங்கிக் கணக்கின் விவரங்களும் அதே பெட்டியில்தான் இருந்தன. நற்பேறாகத் தீங்கு நேரவில்லை. அன்றிரவே அவனுக்கு அதிகாரமற்ற தனிக் கணக்கு ஒன்று அமைத்தோம். நமது அன்றாடப் பணிக்கும் அத்தகையதே மற்றொன்று.

அன்பர்களே, சாளரத்துக்கு உள்ளே எவரை விடுவது என்பதை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள். நல்லவராயினும், உள்ளே இருப்போர் சிலராக இருத்தலே நலம்.