முதலில் மேகசின்

“அக்கா, ஒரு செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கணும். எதை வாங்கலாம், நீங்களே சொல்லுங்க.”

பக்கத்துத் தெருத் தம்பி கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். ஒஹாயோவில் நான் பல வருஷமாகப் போய்வரும் ரைஃபிள் கிளப்பில் சேர அவனும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறான். டீக்கு இஞ்சியைத் தட்டிக்கொண்டே நான் திருப்பிக் கேட்டேன்: “கிரீன் கார்டு கைக்கு வந்துடுச்சா?”

போன மாதமே வந்துவிட்டது என்றான். வராமல் இருந்திருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தியிருப்பேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. வார இறுதியில் நண்பர்களோடு போய் வாடகைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் படமும் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கார்டு இருப்பவருக்கும் கடையில் 4473 என்ற படிவம் உண்டு, பின்னணிச் சோதனை உண்டு. மாநிலச் சட்டம் வேறு தனி. இல்லினாயில் அதற்கென்றே ஓர் அடையாள அட்டை வாங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் சில மாதிரிகளை விலை கேட்கவே முடியாது.

டீ வந்தது. விஷயத்துக்கு வந்தோம்.

ஊரில் ரைஃபிள் சுடுதல் என்றால் நமக்கு அபினவ் பிந்த்ரா ஞாபகம் வரும். 2008இல் பெய்ஜிங்கில் அவர் தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். ஒவ்வொரு குண்டையும் கையால் வைத்து, ஒவ்வொன்றாகச் சுடும் துப்பாக்கி அது. இன்னொரு வகையில் மேகசினில் தோட்டாக்கள் இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் கைதான் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்ற வேண்டும். செமி-ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையைச் சுட்ட தோட்டாவின் விசையே செய்துவிடும். ஒரு முறை டிரிகரை இழுத்தால் ஒரே ஒரு குண்டுதான் போகும். அழுத்திப் பிடித்தாலும் அடுத்தது போகாது. விரலை விட்டுத்தான் மறுபடி இழுக்க வேண்டும்.

ஆக, கையிடமிருந்து அது வாங்கிக்கொள்வது ஒரே ஒரு வேலையை. கண், மூச்சு, தோள், விரல் எல்லாம் உன்னுடையவைதான். அந்த ஒரு வேலையை வாங்கிக்கொள்வதற்கு அது ஒரு கூலியும் கேட்கும். அந்தக் கூலி என்ன என்று தெரிந்துகொண்டால், எதை வாங்குவது என்பது பாதி தெளிவாகிவிடும்.

அவன் கைப்பேசியில் இரண்டு படம் வைத்திருந்தான். ஒன்று ஏஆர்-15. மற்றொன்று எம்1 கேரண்ட். கனடாவில் பிறந்த ஜான் கேரண்ட் வடிவமைத்தது, 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. இரண்டிலும் எனக்குக் குறையில்லை. குறிப்பாகக் கேரண்ட் மீது எனக்குத் தனிப் பிரியம். எட்டுத் தோட்டா தீர்ந்ததும் கிளிப் ‘டிங்’கென்று தெறிக்கும் சத்தத்துக்காகவே அதை எடுத்துச் சுடுபவர்கள் எங்கள் கிளப்பில் இருக்கிறார்கள். ஆனால் முதல் துப்பாக்கி என்றால் இரண்டையும் தள்ளி வை என்றேன்.

“ஏன்க்கா?”

முதலில் கிளப்பின் விதிப்புத்தகத்தை எடு. நம் கிளப்பில் எத்தனை கஜத்துக்குத் தளம் இருக்கிறது? எந்தத் தோட்டாவை எந்தத் தளத்தில் விடுகிறார்கள்? 50 கஜத் தளம் .22க்கு மட்டும் என்று இருந்தால், கேரண்டின் .30-06ஐத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வாய்? இரும்பு கலந்த உறை போட்ட குண்டுக்குச் சில இடங்களில் தடை. இரண்டு குண்டுகளுக்கு நடுவே இத்தனை நொடி இடைவெளி வேண்டும் என்று சில இடங்களில் விதி. கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. ரேஞ்ச் ஆபீசருக்குத் தெரியும்.

அடுத்தது காசு. .22 எல்.ஆர். தோட்டாவைப் போல .223க்கு நாலைந்து மடங்கு விலை; .30-06 அதற்கும் மேலே. குறி பார்த்துச் சுடுவது நீச்சல் மாதிரி, உடம்பு கற்றுக்கொள்கிற வித்தை. ஆயிரக்கணக்கில் சுட்டால்தான் படியும். மாதத்துக்கு இருபது தோட்டா சுடுகிறவனுக்கு எவ்வளவு விலையுயர்ந்த துப்பாக்கியும் எதையும் சொல்லித்தராது. அதோடு தோளில் இடி. பெரிய தோட்டாவின் உதைக்கும் சத்தத்துக்கும் பயந்து, டிரிகரை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடித் தோளை முன்னே தள்ளும் பழக்கம் ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும். விடுபட மாதங்கள் ஆகும். எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கப் போயிற்று.

அதனால் .22. அதில் நான் முதலில் கையில் கொடுப்பது ரூகர் 10/22. 1964இல் வந்தது. சுழல் அமைப்புள்ள பத்துத் தோட்டா மேகசின், கட்டைக்கு வெளியே நீட்டாமல் உள்ளடங்கி உட்காரும். கார்பைன் வகைக்கு எடை சுமார் ஐந்து பவுண்டு. இத்தனை காலம் ஓடிய துப்பாக்கி என்பதால் உதிரிப் பாகம் இல்லாத கடை இல்லை. குழலைக் கழற்றி மாற்றுவதுகூட வீட்டு மேசையில் நடக்கும். 1960இல் வந்த மார்லின் மாடல் 60ஐயும் பலர் சொல்வார்கள். குறி தவறாத நல்ல துப்பாக்கிதான். ஆனால் அதன் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீளக் குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். கடைசித் தோட்டாவும் வெளியே வந்துவிட்டதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. புதிதாகக் கற்கிறவனுக்கு, கழற்றி மேசைமேல் வைக்கிற மேகசின்தான் நல்லது என்பேன். ஏஆர் உருவம் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், அதே கைப்பழக்கம் தரும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி 15-22 இருக்கிறது. அதுவும் .22தான்.

இப்போது அந்தக் கூலி.

.22 துப்பாக்கிகளில் பொறி எளிது. வெடித்த வாயு வெற்றுக்கூட்டைப் பின்னால் தள்ளும், கூடு போல்ட்டைத் தள்ளும், போல்ட்டின் கனமும் சுருள்வில்லும் அதைத் தாமதப்படுத்தித் திரும்ப முன்னே அனுப்பும். தள்ளுகிற விசை குறைந்தால் போல்ட் பாதியில் நின்றுவிடும். அதனால் இந்தத் துப்பாக்கிகளுக்குத் தோட்டாவில் ஒரு வாய்ருசி உண்டு. நான் ஆரம்பத்தில் மலிவு என்று ஐந்நூறு தோட்டா உள்ள டப்பாவை வாங்கிவந்து, பத்துக்கு ஒன்று சிக்கி, பாதி நாளைக் கூட்டை நோண்டி எடுப்பதிலேயே கழித்தேன். துப்பாக்கியைத் திட்டினேன். தப்பு துப்பாக்கிமேல் இல்லை.

வேகமான தோட்டா வாங்கினால் போல்ட் நன்றாக ஓடும், ஆனால் வேறொரு சங்கடம் வரும். ஒலி நொடிக்குச் சுமார் 1,125 அடி போகிறது. வேகத் தோட்டா 1,250 அடியில் கிளம்பி, வழியிலேயே வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடந்து கீழே வரும். அந்த இடத்தில் குண்டு தடுமாறும். 1,070 அடி வாக்கில் கிளம்பும் சாதாரண வேகத் தோட்டா முதலிலிருந்தே ஒலிக்குக் கீழே இருப்பதால் அந்தத் தடுமாற்றம் இல்லை. காகிதத்தில் ஓட்டை நெருங்கி விழும். பெரும்பாலான 10/22களில் போல்ட்டையும் அது ஓட்டிவிடும். எந்தத் தோட்டா உன் துப்பாக்கிக்குப் பிடிக்கும் என்று அட்டைப்பெட்டி சொல்லாது. நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 கஜத்தில் மணல்மூட்டைமேல் வைத்து, வகைக்கு ஐந்தைந்தாகச் சுட்டுப் பார். பிடித்தது தெரிந்ததும் அதே லாட் எண்ணில் நிறைய வாங்கி வை.

டிரிகரைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானே சொன்னேன். கடையிலிருந்து வருகிற 10/22இன் டிரிகரை இழுக்க ஐந்து, ஆறு பவுண்டு விசை வேண்டும். துப்பாக்கியின் எடையே ஐந்து பவுண்டு. ஒரு பொருளின் எடையைவிட அதிக விசையால் அதன் ஒரு மூலையை இழுத்தால், அது அசையாமல் இருக்குமா? பக்கத்தில் விழுந்த குண்டுகளில் பாதி இப்படி விழுந்தவைதான். ஸ்கோப்புக்குச் செலவழிக்கும் காசில் முதல் பங்கு நல்ல டிரிகருக்குப் போகட்டும். அதற்கும் எல்லை உண்டு. ஒஹாயோவிலேயே ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி இருக்கிறது. 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்த இடம். அங்கே சிஎம்பி என்ற அமைப்பு நடத்தும் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டியில் டிரிகர் 3 பவுண்டுக்குக் குறையக் கூடாது, துப்பாக்கி ஏழரை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, ஸ்கோப் ஆறு மடங்குக்கு மேல் கூடாது. சாதாரண மனிதரின் சாதாரணத் துப்பாக்கிக்காக வைத்த விதி. எனக்கு அந்த விதிகளே வாங்கும் பட்டியலாக உதவின.

ஸ்கோப் வாங்கினால் .22க்கென்று செய்ததை வாங்கு. பெரிய ரைஃபிள் ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்கு அமைக்கப்பட்டவை. 50 கஜத்தில் கண் லேசாக நகர்ந்தால் குறுக்குக்கோடும் இலக்கின்மேல் நகரும். கட்டையின் நீளத்தைப் பார்க்கச் சுலபமான வழி: அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்துக்கொள், விரல் நுனி டிரிகருக்குச் சிரமமில்லாமல் எட்ட வேண்டும். அவனுக்கு எட்டியது. எனக்குக் கட்டையை அரை அங்குலம் குறைக்க வேண்டியிருந்தது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறு ஆப்பிள்சீட் என்ற ரைஃபிள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வா என்றும் சொன்னேன். 2006 முதல் நடத்துகிறார்கள். 25 மீட்டரில்தான் சுடுவது. ஆனால் 100 கஜத்திலிருந்து 400 கஜம் வரை தெரிகிற அளவுக்கு இலக்கைச் சுருக்கி அச்சிட்டிருப்பார்கள். நாற்பது தோட்டா, 250 புள்ளி. 210 எடுத்தால் தேறினாய். படுத்து, உட்கார்ந்து, நின்று, தோள்வாரை இறுக்கி எப்படிப் பிடிப்பது என்று அங்கே கற்றுக்கொண்டதுதான் இன்னும் என் கையில் நிற்கிறது.

டீ ஆறிவிட்டது. மறுபடி சூடு பண்ணினேன். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து என் 10/22ஐ எடுத்துவந்தேன். தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில்.

கூலியின் பெரிய பங்கு இனிமேல்தான் வருகிறது. போல்ட்டைக் கையால் ஓட்டும் துப்பாக்கியில், நீ அசைக்காமல் அடுத்த தோட்டா குழலின் அறைக்குள் போகாது. இதில் நீ சுட்ட கணமே அடுத்தது உள்ளே போய் உட்கார்ந்துவிடும். “சுட்டாச்சு” என்ற நினைப்போடு தளர்ந்து திரும்புகிறவன் கையில் இருப்பது, சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கி. இன்னொன்று: ஏஆரிலும் கேரண்டிலும் கடைசித் தோட்டா போனதும் போல்ட் பின்னால் திறந்து நிற்கும். 10/22இல் நிற்காது, மூடிக்கொள்ளும். காலி துப்பாக்கியும் நிரம்பிய துப்பாக்கியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நான் இவ்வளவு சிபாரிசு செய்யும் துப்பாக்கியில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான்.

அதனால் வரிசை முக்கியம். தளத்தில் “சீஸ் ஃபயர்” என்று யார் குரல் கொடுத்தாலும் முதலில் மேகசினைக் கழற்று. அதன் பிறகுதான் போல்ட்டை இழு. மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட்டை இழுத்தால், ஒரு தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு இன்னொன்றை நீயே உள்ளே ஏற்றுகிறாய். இழுத்த போல்ட்டைப் பூட்டி நிறுத்து. அறைக்குள் கண்ணால் பார், சுண்டுவிரலால் தொட்டும் பார். ஆரஞ்சுக் கொடியைச் செருகு. பின்வாங்கி நில். இத்தனையும் குழல் மண்மேட்டைப் பார்த்தபடியே. டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை அப்படியே வைத்துக்கொண்டு முப்பது வரை எண்ணு; .22இல் பற்றவைக்கும் மருந்து விளிம்பில் இருப்பதால் தாமதித்து வெடிக்கிற வாய்ப்பு உண்டு. வெறும் ஈயக் குண்டு, கையெல்லாம் ஈயம் படியும். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுத்தான் முறுக்கு டப்பாவைத் தொட வேண்டும்.

“நீ ஒருதரம் செஞ்சு காட்டு” என்று காலி மேகசினைப் பொருத்தி, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கொடுத்தேன்.

கை நேராகப் போல்ட்டுக்குப் போயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே நிறுத்திக்கொண்டு, “மேகசின்” என்றான். மறுபடி தொடங்கினான். மேகசின், போல்ட், கண், விரல், கொடி. இரண்டாம் டீ குடித்து முடிப்பதற்குள் பதினைந்து தடவை செய்திருப்பான்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்குக்கா?”

“ஒன்பதுக்கு. காதடைப்பானும் கண்ணாடியும் நான் ரெண்டு செட் கொண்டுவரேன். தோட்டா நீ வாங்கிட்டு வா, நாலு வகை, ஒவ்வொண்ணும் ஒரு பெட்டி. எல்லாம் .22 எல்.ஆர்.தானான்னு பெட்டியில படிச்சுப் பாத்து வாங்கு.”