வேலை தேடுவதும் ஒரு நிபந்தனை!

2023 நவம்பரில், அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் தனது கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரைப் பணியிலிருந்து நீக்கியது. முறைகேடு, ஒழுக்கக் கேடு என்று அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அணி எதிர்பார்த்த அளவுக்கு வெல்லவில்லை, அவ்வளவே. வீட்டுக்கு அனுப்பப்பட்ட அவருக்குப் பல்கலைக்கழகம் தர வேண்டியிருந்த தொகை 7.6 கோடி டாலருக்கும் அதிகம். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 630 கோடி ரூபாய். மறுநாளே அவர் வேறொரு பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்திருந்தாலும் அதில் ஒரு டாலர்கூடக் குறைந்திருக்காது. எந்த வேலையும் தேடாமல் 2031 வரை வீட்டிலேயே அமர்ந்திருந்தாலும் யாரும் கேள்வி எழுப்ப முடியாது. ஒப்பந்தம் அப்படி.

முப்பதாண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். எனது பணி நியமன ஆணை ஒரே ஒரு பக்கம்தான். ஆகவே இந்தச் செய்தியைப் படித்தபோது எழுந்த முதல் வியப்பு, தொகையைப் பற்றியதன்று. இப்படியோர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட ஒரு பல்கலைக்கழகம் எவ்வாறு இசைந்தது என்பதுதான்.

இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த ஆட்டமன்று; பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. தென் மாநிலங்களில் ஒரு லட்சம் பேர் அமரும் அரங்குகள் பல்கலைக்கழக வளாகங்களிலேயே இருக்கின்றன. தொலைக்காட்சி உரிமையால் வரும் வருவாய் மிகப் பெரிது. பல மாநிலங்களில் மிக அதிக ஊதியம் பெறும் அரசு ஊழியர் ஆளுநர் அல்லர்; அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளரே.

பொதுவான சட்ட நெறி வேறு. ஒப்பந்தம் முறிக்கப்பட்டால், பாதிக்கப்பட்டவர் கைகட்டி அமர்ந்து இழப்பைப் பெருக விடக்கூடாது. இயன்றவரை அதைக் குறைத்துக்கொள்ள முயல வேண்டும். நமது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவுக்கான விளக்கமும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. பணிநீக்கத்தில் இதன் பொருள், வேறு வேலை தேடு என்பது.

ஆனால், எந்த வேலையையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்பதில்லை. நடிகை ஷெர்லி மெக்லைனுக்கு 7.5 லட்சம் டாலர் ஊதியத்தில் ஓர் இசைத் திரைப்படத்தை ஒப்பந்தம் செய்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம், பின்னர் அதைக் கைவிட்டு, அதே ஊதியத்துக்கு ஆஸ்திரேலியாவில் எடுக்கப்படவிருந்த 'கௌபாய்' வகைப் படமொன்றில் நடிக்கச் சொன்னது. அவர் மறுத்து வழக்குத் தொடுத்தார். அது வேறு வகையான, தாழ்ந்த வேலை. அதை மறுத்ததற்காக அவரது இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்று 1970-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு இது.

கால்பந்துப் பயிற்சியாளர்களின் முகவர்கள் இந்த நெறியை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். காரணமின்றி நீக்கினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், வேலை தேடும் கடமை பொதுவாகத் தானாக எழுவதில்லை. அதைத் தனி நிபந்தனையாக எழுதியாக வேண்டும். ஆகவே பேரமெல்லாம் இரண்டு வரிகளைச் சுற்றியே நடக்கிறது. ஒன்று, நீக்கப்பட்டவர் நல்லெண்ணத்துடன் வேறு வேலை தேட வேண்டும் என்பது. மற்றொன்று, புதிய ஊதியத்தைப் பழைய பாக்கியிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது. ஃபிஷரின் ஒப்பந்தத்தில் இரண்டுமே இல்லை.

சரி, இரண்டையும் எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? பொருளியல் மாணவனுக்குச் சுவையான பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

டென்னசி பல்கலைக்கழகம் 2017-இல் புட்ச் ஜோன்ஸை நீக்கியபோது அவருக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் தவணைகளில் தர வேண்டியிருந்தது. அவர் அடுத்துச் சேர்ந்தது டென்னசியின் பரம எதிரியான அலபாமா அணியில். தலைமைப் பயிற்சியாளராக இருந்தவருக்கு அங்கே ஆட்டப் பகுப்பாய்வாளர் பணி; ஆண்டு ஊதியம் 35,000 டாலர். புதிய இடத்தில் அவர் ஈட்டும் ஒவ்வொரு டாலரும் பழைய இடத்திலிருந்து வருவதில் ஒரு டாலரைக் குறைக்குமென்றால், அது அவருக்கு நூறு விழுக்காடு வருமான வரி. கூடுதல் ஊதியம் கேட்க அவருக்கு ஆர்வமில்லை. கொடுக்க வேண்டிய தேவை அலபாமாவுக்கும் இல்லை. ஆக, டென்னசி தன் எதிரிக்கு மானியம் வழங்கியது! வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் விளிம்புநிலை வரிவிகிதத்தை ஒரு மாணவரும் மறந்திருக்க மாட்டார்.

ஆர்கன்சாவில் இது வழக்காகவே முற்றியது. 2017-இல் நீக்கப்பட்ட பிரெட் பீலிமாவுக்கு விடுவிப்புத் தொகையைத் தவணைகளில் வழங்கிவந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் ரேசர்பேக் அறக்கட்டளை, 2019 தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டது. ஒப்பந்தப்படி தகுந்த வேலையை அவர் உண்மையாகத் தேடவில்லை. தொழில்முறை அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில் வேண்டுமென்றே குறைந்த ஊதியத்துக்குச் சேர்ந்தார் என்பது அதன் வாதம். பீலிமா மறுத்தார், 2020-இல் வழக்குத் தொடுத்தார், அறக்கட்டளையும் எதிர்வழக்கு போட்டது. 2021-இல் சமரசமாகிவிட்டதால், உண்மையான முயற்சியை எப்படி அளப்பது என்பதற்கு நமக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை. ஒருவர் எத்தனை இடங்களுக்கு விண்ணப்பித்தார் என்று எண்ணலாம். விரும்பி விண்ணப்பித்தாரா என்பதை எண்ண முடியாது.

நிபந்தனை பயன் தந்த நேர்வும் உண்டு. 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது தர வேண்டியிருந்தது ஏறத்தாழ 4.9 கோடி டாலர். அடுத்த மாதமே அவர் வர்ஜினியா டெக்கின் தலைமைப் பயிற்சியாளரானார். 90 லட்சம் டாலரோடு கணக்கு முடிக்கப்பட்டது. வீட்டில் இருந்தாலே பணம் வரும் நிலையிலும் அவர் விரைந்து வேலைக்குச் சென்றார். ஆடுகளத்தில் நிற்பதன் மீதுள்ள ஆசைக்கும் ஒரு மதிப்பு உண்டு. நமது பாடநூல்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

முழுக் கழிப்பைவிடப் பாதிக் கழிப்பே சிறந்தது என்பது என் கருத்து. புதிய ஊதியத்தில் பாதி தனக்கே நிலைக்குமென்றால், அவர் நல்ல ஊதியம் கேட்டுப் பேரம் பேசுவார். பழைய பல்கலைக்கழகத்தின் சுமையும் குறையும். ஆனால், பல நிர்வாகங்கள் இந்தப் பேரத்தையே தொடங்குவதில்லை. ஃபிஷரின் ஒப்பந்தம் 2021-இல் நீட்டிக்கப்பட்டபோது அவரது அணி முந்தைய பருவத்தில் ஒன்பது ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டுமே தோற்றிருந்தது. வேறு பல்கலைக்கழகம் கவர்ந்து சென்றுவிடுமோ என்ற அச்சம் பேனாவை எடுக்க வைக்கிறது. கையொப்பமிடுபவரின் பணமும் அன்று அது. தொகை செலுத்தும் நாளில் அவர் அந்தப் பதவியில் இல்லாமலும் போகலாம்.

இது கற்பனையன்று. 2017-இல் ஃபிஷரை டெக்சாஸுக்கு அழைத்து வந்த விளையாட்டு இயக்குநர் ஸ்காட் உட்வர்டு, ஃபிஷர் நீக்கப்பட்டபோது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதே பதவியில் இருந்தார். அங்கே 2021-இல் பத்தாண்டுகளுக்கு 9.5 கோடி டாலர் என்று பிரையன் கெல்லியை அமர்த்தியவரும் அவரே.

இது மாணவர் கட்டணமோ வரிப்பணமோ அன்று, நன்கொடையாளர்களின் பணம் என்று பல்கலைக்கழகங்கள் கூறுவதுண்டு. பெரும்பாலும் உண்மை. ஆயினும் ஒரு நன்கொடையாளர் ஒரே டாலரை இரு முறை கொடுப்பதில்லை. களத்தில் இறங்கும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் நேரடியாகப் பணம் தர வழிவிட்ட நீதிமன்ற உடன்பாடு, 2025 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டுகளுக்குமாகச் சேர்த்து வீரர்களுக்குத் தரக்கூடிய உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். ஃபிஷர் ஒருவருக்கான விடுவிப்புத் தொகை அதைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல்.

2025 அக்டோபர் இறுதியில் லூசியானா கெல்லியையும் நீக்கியது. பாக்கி சுமார் 5.4 கோடி டாலர். வேலை தேடும் கடமையும் கழிப்பும் ஒப்பந்தத்தில் இருந்தன. மாநில ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி இத்தகைய ஒப்பந்தங்களை வெளிப்படையாகக் கண்டித்தார், உட்வர்டு பதவியிழந்தார். பல்கலைக்கழகம் குறைந்த தொகைக்குக் கணக்கு முடிக்க முயன்றது. கெல்லி மறுத்தார். பின்னர், அவர் இன்னும் முறைப்படி நீக்கப்படவே இல்லை என்று வாதிட்டது. கெல்லி நீதிமன்றம் சென்றார். நவம்பர் இறுதியில், காரணமின்றியே நீக்கினோம், முழுத் தொகையும் தர வேண்டியதே என்று பல்கலைக்கழகம் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டது.

அடுத்த சில நாள்களில் புதிய பயிற்சியாளராக லேன் கிஃபின் அறிவிக்கப்பட்டார். ஏழாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 கோடி டாலர்.